தீர்ப்பு எழுதியாயிற்று, யார் நிறைவேற்றுவது? – ஜான் மார்ஷலின் கதை



இந்தக் காலாண்டில் உங்களுக்கு அறிமுகப்படுத்த எடுத்துக்கொண்டவர் ஜான் மார்ஷல். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நான்காவது தலைமை நீதிபதி. 1755-இல் பிறந்து 1835-இல் மறைந்தவர். நம் குடியிருப்பில் உள்ள வக்கீல்களுக்கு இந்தப் பெயர் சட்டக் கல்லூரி நாட்களிலேயே பழகியிருக்கும். மற்றவர்கள் பெயரைக் கேள்விப்பட்டிராவிட்டாலும் அவர் செய்த வேலையின் பலனை அடிக்கடி செய்தித்தாளில் பார்க்கிறீர்கள். ஏதோ ஒரு சட்டப் பிரிவு செல்லாது என்று நீதிமன்றம் அறிவிக்கிறது. ஏதோ ஓர் அதிகாரிக்கு, உன் கடமையைச் செய் என்று உத்தரவு போடுகிறது. மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் இயற்றிய சட்டத்தை, ஓட்டே கேட்காத நீதிபதி எப்படித் தள்ளிவைக்கலாம்? தள்ளிவைத்தாலும், போலீசையும் கஜானாவையும் கையில் வைத்திருக்கும் அரசு எதற்காக அதைக் கேட்க வேண்டும்?

இந்த இரண்டு கேள்விகளோடும் 34 ஆண்டுகள் காலம் தள்ளியவர் மார்ஷல். முதல் கேள்விக்கு அவர் எழுதிய பதில் உலகம் முழுக்கப் பாடமாக இருக்கிறது. இரண்டாவது கேள்விதான் கடைசிவரை அவரைத் தூங்கவிடவில்லை. நான் அதிகம் சொல்லப்போவது அதைப் பற்றித்தான்.

வர்ஜீனியாவின் எல்லைப்புறக் காட்டுப் பகுதியில், 15 பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா தாமஸ் நிலம் அளக்கும் சர்வேயர். ஜார்ஜ் வாஷிங்டனுக்கு நன்கு தெரிந்தவர். ஜான் பள்ளிக்கூடம் என்று வெளியே போய்ப் படித்தது ஏறக்குறைய ஓராண்டுதான். மற்றதெல்லாம் வீட்டில். சட்டம் படித்தது வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் சில மாதங்கள். இப்போது நம் பிளாக்குகளில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்தால், இதைச் சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

கல்லூரிக்குப் போவதற்கு முன்பே போர்க்களத்துக்குப் போய்விட்டார். பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரில் வாஷிங்டனின் படையில் அதிகாரி. 1777-78 குளிர்காலத்தில் அந்தப் படை பென்சில்வேனியாவில் வேலி ஃபோர்ஜ் என்ற இடத்தில் முகாமிட்டிருந்தது. காலில் செருப்பில்லை, போர்த்தக் கம்பளி இல்லை, சாப்பாடு சரியாக வரவில்லை. நோயில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். காரணம் எதிரி இல்லை. மத்தியில் இருந்த காங்கிரஸ், படைக்கு இவ்வளவு பணம் தேவை என்று தீர்மானம் போடும். மாநிலங்கள் அதைக் கண்டுகொள்ளாது. கண்டுகொள்ளாவிட்டால் காங்கிரசால் ஒன்றும் செய்ய முடியாது. தீர்மானம் போடும் அதிகாரம் மட்டும் இருந்து, அதை நடத்திக்காட்டும் வழி இல்லாத ஒரு சபையின் லட்சணத்தை 22 வயதில், பசித்த வயிற்றோடு பார்த்தவர் அவர். பிற்காலத்தில் அவர் எழுதிய எல்லாத் தீர்ப்புக்கும் இந்த முகாம்தான் விதை என்பது என் கருத்து.

போர் முடிந்து ரிச்மண்ட் நகரில் வக்கீல் தொழில். 1783-இல் மேரி ஆம்ப்ளரைக் கல்யாணம் செய்துகொண்டார். எல்லாரும் அவரைப் பாலி என்றுதான் கூப்பிட்டார்கள். பத்துப் பிள்ளைகள் பிறந்து, ஆறு பேர்தான் வளர்ந்து ஆளானார்கள். அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்ததில் பாலியின் உடலும் மனமும் நைந்துபோயின. சின்னச் சத்தம்கூடத் தாங்காது. மனைவிக்காக மார்ஷல் வீட்டுக்குள் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பாராம். நமக்கு இது தினசரி வழக்கம். அந்த ஊரில் ஊரே பேசும் விஷயம். மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தத்துக்கு வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடும் நாம் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டிய மனிதர்.

உடை விஷயத்தில் அக்கறையே கிடையாது. தலைமை நீதிபதியான பிறகும் காலையில் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி, கோழி வாங்கிவருவார். ஊருக்குப் புதிதாக வந்த ஓர் இளைஞர், தான் வாங்கிய வான்கோழியைத் தூக்கிவர ஆள் தேடியபோது, கசங்கிய சட்டையோடு நின்ற இவரைக் கூலியாள் என்று நினைத்துக் கொடுத்துவிட்டாராம். மார்ஷல் மறுபேச்சில்லாமல் வீடுவரை சுமந்துபோய்க் கொடுத்தார். யார் என்று பின்னால்தான் அந்த இளைஞருக்குத் தெரிந்தது. ரிச்மண்டில் பல காலம் சொல்லிவந்த கதை இது.

இனி வழக்குக்கு வருவோம்.

1800 தேர்தலில் ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் தோற்றார். ஜெயித்தவர் தாமஸ் ஜெஃபர்சன். அப்போதைய முறைப்படி புதியவர் பதவியேற்க 1801 மார்ச் 4 வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஆடம்ஸ் கட்சிக்காரர்கள் நீதித் துறையில் தங்கள் ஆட்களை அவசர அவசரமாக நிரப்பினார்கள். அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த மார்ஷலையே தலைமை நீதிபதியாக்கினார் ஆடம்ஸ். பிப்ரவரி 4 அன்று பதவியேற்றார் மார்ஷல். ஆனால் ஆட்சி முடியும்வரை அமைச்சர் வேலையையும் அவரே சேர்த்துப் பார்த்தார். இன்று நினைத்தே பார்க்க முடியாத ஏற்பாடு.

தலைநகர்ப் பகுதிக்கு 42 அமைதி நீதிபதிகளை நியமித்தார் ஆடம்ஸ். சின்னச் சின்ன வழக்குகளைப் பார்க்கும், ஐந்தாண்டுப் பதவி. நியமன ஆணைகளில் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். அரசு முத்திரை வைத்தவர் மார்ஷல். உரியவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடைசி நாள் அவசரத்தில் சில ஆணைகள் கொடுக்கப்படாமல் அலுவலகத்திலேயே கிடந்துவிட்டன. மறுநாள் ஜெஃபர்சன் பதவியேற்றார். பதவிப் பிரமாணம் செய்துவைத்தவரும் மார்ஷல்தான். இருவரும் தூரத்து உறவினர்கள்; ஒருவரையொருவர் கொஞ்சமும் பிடிக்காதவர்கள். கிடந்த ஆணைகளைக் கொடுக்க வேண்டாம் என்று ஜெஃபர்சன் சொல்லிவிட்டார்.

ஆணை கிடைக்காதவர்களில் ஒருவர் வில்லியம் மார்பரி. ஜார்ஜ்டவுனில் வசதியான ஆள். அவரும் இன்னும் மூன்று பேரும் 1801 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு நேராகப் போனார்கள். கேட்டது மாண்டமஸ்: ஓர் அதிகாரி சட்டப்படி செய்யவேண்டிய வேலையைச் செய்யாதபோது, செய் என்று நீதிமன்றம் இடும் கட்டளை. நம் ஊரில் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டிருக்கிறேன் என்று சொல்கிறவர்களில் பலர் கேட்பது இதைத்தான். எதிர்மனுதாரர் புதிய வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் மேடிசன். ஏன் கட்டளையிடக் கூடாது என்று விளக்கம் கேட்டது நீதிமன்றம். மேடிசன் பதில் சொல்லவில்லை; வக்கீல்கூட அனுப்பவில்லை. இதற்கிடையே புதிய நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம் கூடும் தேதிகளையே சட்டம் போட்டு மாற்றியது. 1803 பிப்ரவரி வரை, ஏறக்குறைய 14 மாதங்கள், நீதிமன்றம் கூடவே முடியவில்லை.

மார்ஷலின் நிலைமையைப் பாருங்கள். கட்டளை போட்டால் மேடிசன் அதைக் குப்பையில் போடுவார் என்பது நிச்சயம். அதற்குப் பிறகு அந்த நீதிமன்றத்தின் சொல்லுக்கு என்ன மதிப்பு? வேலி ஃபோர்ஜில் பார்த்த காங்கிரசின் கதிதான். கட்டளை போட மறுத்தால், ஜனாதிபதிக்குப் பயந்துவிட்டார்கள் என்று ஆகும். நீதிமன்றத்துக்கென்று அப்போது சொந்தக் கட்டடம்கூட இல்லை. நாடாளுமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள்.

1803 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது. மார்ஷல் மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டார். மார்பரிக்கு அந்தப் பதவியில் உரிமை இருக்கிறதா? இருக்கிறது, கையெழுத்தும் முத்திரையும் விழுந்த பிறகு நியமனம் முழுமையாகிவிட்டது. உரிமை மீறப்பட்டால் சட்டத்தில் பரிகாரம் உண்டா? உண்டு. இந்த இடத்தில் அவர் போட்ட கோடு இன்றும் அழியவில்லை. அரசியல் முடிவுகளில் ஜனாதிபதியும் அமைச்சரும் தங்கள் விருப்பப்படி நடக்கலாம். அதில் நீதிமன்றம் தலையிடாது. ஆனால் ஒருவருடைய உரிமை சம்பந்தப்பட்ட குறிப்பிட்ட கடமையைச் சட்டம் ஓர் அதிகாரிமீது சுமத்தியிருந்தால், அந்த இடத்தில் அவர் சட்டத்தின் வேலைக்காரர். நாற்காலி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது கேள்வியில்தான் திருப்பம். அந்தப் பரிகாரத்தை இந்த நீதிமன்றம் கொடுக்க முடியுமா? முடியாது என்றார். 1789-ஆம் ஆண்டு நீதித் துறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, மாண்டமஸ் கேட்டு நேராக உச்ச நீதிமன்றத்துக்கு வரலாம் என்கிறது. ஆனால் எந்தெந்த வழக்குகள் அங்கே நேராக வரலாம் என்று அரசியலமைப்பு ஏற்கெனவே வரையறுத்துவிட்டது. அந்தப் பட்டியலில் இது இல்லை. நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தால் பட்டியலை நீட்ட முடியாது. ஆகவே அந்தப் பிரிவு செல்லாது.

இதை நம் வீட்டுக் கணக்கில் பார்க்கலாம். பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக் கணக்கில் என்று பைலா சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கமிட்டியில் ஐந்து பேர் கூடி, இனி எல்லா ஃபிளாட்டுக்கும் ஒரே தொகை என்று தீர்மானம் போடுகிறார்கள். ஒரு தகராறு வருகிறது. தீர்ப்பவர் முன்னால் இரண்டு காகிதங்களும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் மதிக்க முடியாது. கமிட்டியை உண்டாக்கியதே பைலா என்னும்போது பைலாதானே நிற்கும்? மார்ஷல் வாதித்ததும் ஏறக்குறைய இதுதான். அரசியலமைப்பு மேலான சட்டம். அதற்கு முரணானது சட்டமே இல்லை. எது சட்டம் என்று சொல்வது நீதிபதியின் அன்றாட வேலை. இந்த யோசனை அவர் கண்டுபிடித்ததல்ல. மாநில நீதிமன்றங்கள் சில இதைச் செய்திருந்தன. அலெக்சாண்டர் ஹாமில்டன் 1788-லேயே விளக்கி எழுதியிருந்தார். உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றை இப்படித் தள்ளியது அதுதான் முதல் தடவை.

ஜெஃபர்சனின் கையில் இருந்த ஆயுதம் இதனால் பயனற்றுப்போனது. மீறுவதற்கு உத்தரவே இல்லையே! மார்பரிக்கு வேலை கிடைக்கவில்லை, அரசு ஜெயித்தது. கூடவே, சட்டத்தைச் சோதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது. குறை சொல்கிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. விசாரிக்க அதிகாரமில்லை என்றால் அதை முதலிலேயே சொல்லி முடித்திருக்கலாமே, எதற்காக ஜனாதிபதிக்கு அவ்வளவு நீளப் பாடம் என்று ஜெஃபர்சன் சாகும்வரை புலம்பினார். அதில் நியாயம் இருக்கிறது. 13-ஆம் பிரிவை வேறு விதமாகப் படித்துக் காப்பாற்றியிருக்கவும் முடியும். ஆணை கொடுக்கப்படாமல் போனதற்குத் தானே ஒரு காரணமான மார்ஷல் இந்த வழக்கில் உட்கார்ந்ததே தவறு என்பேன். நம் அசோசியேஷன் தகராறில்கூட அப்படி ஒருவரை நடுவராக ஏற்க மாட்டோம்.

அவர் எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தார் என்பதற்கு அடுத்த வாரமே சாட்சி. ஆடம்ஸ் ஆட்சியில் உண்டான புதிய நீதிபதிப் பதவிகளை ஜெஃபர்சன் கட்சி ஒழித்ததை எதிர்த்த வழக்கில், உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1804-இல் சக நீதிபதி சாமுவேல் சேஸ்மீது பதவி நீக்கக் குற்றச்சாட்டு வந்தபோது மார்ஷல் உண்மையிலேயே ஆடிப்போனார். நீதிபதிகளை நீக்குவதற்குப் பதில், பிடிக்காத தீர்ப்பை நாடாளுமன்றமே மாற்றிக்கொள்ளட்டும் என்று சேசுக்கு எழுதிய கடிதத்தில் யோசனை சொல்லும் அளவுக்கு! தான் கட்டிய வீட்டைத் தானே இடிக்கத் தயாரான மாதிரி. நல்லவேளை, 1805-இல் சேஸ் தப்பினார். அந்த யோசனைக்குத் தேவை வரவில்லை.

நம் நாட்டில் இந்தச் சங்கடம் இல்லை. அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது என்று அரசியலமைப்பின் 13-ஆம் பிரிவே எழுதிவைத்திருக்கிறது. மாண்டமஸ் உள்ளிட்ட பேராணைகள் 32-ஆம், 226-ஆம் பிரிவுகளில் வருகின்றன. அதிகாரிகள் எல்லாரும் உச்ச நீதிமன்றத்துக்குத் துணையாக நடக்க வேண்டும் என்கிறது 144. சென்னை மாகாண அரசுக்கும் வி.ஜி. ராவுக்கும் நடந்த வழக்கில், 1952-இல் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி இந்த வித்தியாசத்தைச் சுட்டிக்காட்டினார். அமெரிக்காவில் நீதிமன்றம் தானே வளர்த்துக்கொண்ட அதிகாரம் இங்கே ஏட்டிலேயே இருக்கிறது. ஆகவே இது நீதிபதிகள் விரும்பி இழுத்துப்போட்டுக்கொண்ட வேலை அல்ல, கடமை என்றார். சென்னை அரசு தோற்றது. உத்தரவை மீறினால் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி ஆறு மாதம்வரை சிறை உண்டு. மார்ஷலிடம் கைப்பிடிக்க இந்த அளவுக்குத் தெளிவாக எழுதிவைத்தது இல்லை.

1807-இல் மறுபடி ஜெஃபர்சனோடு மோதல். முன்னாள் துணை ஜனாதிபதி ஆரன் பர்மீது தேசத் துரோக வழக்கு. விசாரித்தவர் மார்ஷல், ரிச்மண்டில். ஜனாதிபதியிடம் இருக்கும் ஒரு கடிதம் தன் தரப்புக்கு வேண்டும் என்றார் பர். ஜனாதிபதி சம்மனுக்கு அப்பாற்பட்டவரா? மன்னர் வேறு, குறிப்பிட்ட காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு மறுபடி மக்களோடு மக்களாகப் போய்ச் சேரும் ஜனாதிபதி வேறு என்றார் மார்ஷல், சம்மன் போனது. ஜெஃபர்சன் நேரில் வரவில்லை. காகிதங்களை அனுப்பினார், ஆனால் எதை அனுப்புவது என்று முடிவு செய்வது தானே என்பதையும் சொல்லி அனுப்பினார். இரண்டு பக்கமும் முழுக்க விட்டுக்கொடுக்காமல் விஷயம் நடந்தது. பர் விடுதலையானார். 1974-இல் ஜனாதிபதி நிக்சன் தன் ஒலிநாடாக்களைத் தர மறுத்தபோது உச்ச நீதிமன்றம் இந்தப் பழைய சம்மனைத்தான் எடுத்துப் பார்த்தது. நிக்சன் கீழ்ப்படிந்தார், நாடாக்கள் போயின, சில நாட்களில் பதவியும் போனது.

மார்ஷல் அந்த நீதிமன்றத்தை வலுவாக்கிய விதம் நமக்கும் பழக்கமானதுதான்: ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. நீதிபதிகள் எல்லாரும் வாஷிங்டனில் ஒரே விடுதியில் தங்குவார்கள். முன்பு ஒவ்வொரு நீதிபதியும் தனித்தனியாகத் தீர்ப்பு வாசிப்பார். இவர் காலத்தில் நீதிமன்றத்துக்கு ஒரே குரல் என்றாயிற்று. மழை பெய்தால் மட்டும் ஒயின் குடிப்பது என்று அவர்களுக்குள் ஒரு விரதம் இருந்ததாம். வெளியே வெயில் அடித்தால், நம் அதிகார எல்லை மிகப் பெரியது, அதற்குள் எங்காவது மழை பெய்துகொண்டிருக்கும் என்று மார்ஷல் தீர்ப்புச் சொல்லிவிடுவாராம்.

பெரிய தீர்ப்புகள் பல வந்தன. மாநிலச் சட்டங்கள் பலவற்றைச் செல்லாது என்றார். ஆனால் நாடாளுமன்றச் சட்டம் எதையும் அவர் காலத்தில் மறுபடி ரத்து செய்யவில்லை. கையில் இருக்கும் கத்தியை உறையிலேயே வைத்திருந்தார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. மார்ஷல் வாழ்நாள் முழுக்க அடிமைகளை வைத்திருந்தவர், வாங்கியவர், விற்றவர். அடிமை முறை தவறு என்று தெரிந்திருந்தும் தீர்ப்புகளில் அந்த மனிதர்களின் பக்கம் அவர் நிற்கவில்லை. வீட்டில் மனைவிக்காகச் சத்தமில்லாமல் நடந்தவரும் இவரேதான்.

கடைசிக் கட்டம் ஜார்ஜியாவில் நடந்தது. அங்கே செரோக்கீ மக்கள் தங்கள் மண்ணில், அமெரிக்க அரசோடு போட்ட ஒப்பந்தங்களின் பாதுகாப்பில் வாழ்ந்தார்கள். சொந்த எழுத்துமுறை, 1827-இல் எழுதிய சொந்த அரசியலமைப்பு, 1828 முதல் சொந்தப் பத்திரிகை எல்லாம் இருந்தன. அவர்கள் நிலத்தில் தங்கம் கிடைத்தது. ஜார்ஜியா அரசு தன் சட்டம் அங்கேயும் செல்லும் என்று அறிவித்து, நிலத்தைப் பங்கு போடக் கிளம்பியது. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் ஜார்ஜியா பக்கம். பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டம் 1830-இல் வந்தது.

அதே ஆண்டு, கார்ன் டாஸல் என்ற செரோக்கீக்காரருக்கு ஜார்ஜியா நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. செரோக்கீ மண்ணில் நடந்த சம்பவத்தை விசாரிக்க ஜார்ஜியாவுக்கு ஏது அதிகாரம் என்று உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனது. ஜார்ஜியா பதில் சொல்லட்டும் என்று மார்ஷல் கையெழுத்திட்டு ஆணை அனுப்பினார். மாநில சட்டசபை கூடி, அதை மதிக்க வேண்டாம் என்று தீர்மானித்தது. 1830 டிசம்பர் 24 அன்று அந்த மனிதரைத் தூக்கில் போட்டார்கள். மேல்முறையீடு செய்தவரே உயிரோடு இல்லை, வழக்கும் போயிற்று. மார்பரி வழக்கில் 27 ஆண்டுகளுக்கு முன் எதற்குப் பயந்தாரோ அது நடந்தேவிட்டது.

அடுத்த ஆண்டு செரோக்கீகள் தாங்களே நேராக வழக்குப் போட்டார்கள். நீங்கள் அயல்நாடு இல்லை, எனவே எங்களிடம் நேராக வர முடியாது என்று மார்ஷல் கதவை மூடினார். ஆனால் சரியான வழக்கு வந்தால் பார்க்கலாம் என்ற சாடையை விட்டுவைத்தார். அந்த ஆண்டு அவருக்கு எல்லாமே சோதனை. 76 வயதில், மயக்க மருந்து இல்லாத காலத்தில், பிலடெல்பியாவில் சிறுநீர்ப்பை அறுவை சிகிச்சை; ஏறக்குறைய ஆயிரம் சிறு கற்களை எடுத்தார்கள். தேறி வீடு திரும்பியவர் கண்முன்னே, டிசம்பர் 25 அன்று பாலி இறந்தார்.

சரியான வழக்கு வந்தது. செரோக்கீ மண்ணில் வசிக்கும் வெள்ளைக்காரர்கள் ஜார்ஜியாவிடம் லைசென்ஸ் வாங்கி, அதற்கு விசுவாசப் பிரமாணமும் எடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம். சாமுவேல் வூஸ்டர் என்ற மதப் பணியாளர், செரோக்கீ பத்திரிகைக்கு உதவியவர், மறுத்தார். மொத்தம் 11 பேருக்கு நான்காண்டு கடுங்காவல். மன்னிப்பு வாங்கிக்கொண்டு ஒன்பது பேர் வெளியே வந்தார்கள். வூஸ்டரும் எலைசர் பட்லர் என்ற மருத்துவரும் சிறையிலேயே இருந்து வழக்கு நடத்தினார்கள்.

1832 மார்ச் 3 அன்று மார்ஷல் தீர்ப்பை வாசித்தார். இந்தத் தடவை நழுவவில்லை. செரோக்கீ மண்ணில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது, தண்டனை ரத்து, விடுதலை செய்யுங்கள். வழக்காட ஜார்ஜியா வக்கீலே அனுப்பவில்லை, தீர்ப்புக்கும் அசையவில்லை. இருவரும் சிறையிலேயே இருந்தார்கள்.

மார்ஷல் தீர்ப்புச் சொல்லிவிட்டார், அவரே நிறைவேற்றிக்கொள்ளட்டும் என்ற பொருளில் ஜாக்சன் சொன்னதாக ஒரு பேச்சு உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கலாம். அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமில்லை. அது அச்சில் வந்ததே பல ஆண்டுகள் கழித்துத்தான். நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தீர்ப்பு செத்துப் பிறந்த குழந்தை, ஜார்ஜியாவைப் பணியவைக்க அதனால் முடியாது என்ற பொருளில் எழுதினார், அது உண்மை. சட்டப்படி பார்த்தால் ஜாக்சன் அந்த நிமிடம் எந்த உத்தரவையும் மீறவில்லை. ஜார்ஜியா மறுத்துவிட்டது என்று உச்ச நீதிமன்றத்தில் பதிவாகி அடுத்த கட்டளை பிறந்தால்தான் ஜனாதிபதியின் முறை வரும். அதற்குள் நீதிமன்றம் 1833 ஜனவரி வரை கலைந்துவிட்டது. இந்த இடைவெளியை இரண்டு பக்கமும் நன்றாகவே அறிந்திருந்தார்கள். அந்த செப்டம்பரில் சக நீதிபதி ஜோசப் ஸ்டோரிக்கு எழுதிய கடிதத்தில், நம் அரசியலமைப்பு நீடிக்காது என்ற முடிவுக்கு மனமில்லாமல் வந்துகொண்டிருக்கிறேன் என்று வருந்தினார் மார்ஷல்.

ஜார்ஜியாவை அசைத்தது நீதிமன்றம் இல்லை, பக்கத்து மாநிலம். 1832 நவம்பரில் தென் கரோலினா, மத்திய அரசின் இறக்குமதி வரிச் சட்டம் எங்கள் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்தது. ஜாக்சன் கொதித்தார், மத்தியச் சட்டத்தை மீறினால் படை வரும் என்று எச்சரித்தார். அங்கே கீழ்ப்படியச் சொல்லிக்கொண்டு இங்கே கீழ்ப்படியாமையைத் தட்டிக்கொடுக்க முடியுமா? வூஸ்டர் விவகாரம் சீக்கிரம் முடியவேண்டியிருந்தது. இரு பக்கமும் தூது போயிற்று. வூஸ்டரும் பட்லரும் வழக்கை மேலே கொண்டுபோவதில்லை என்றார்கள். ஜார்ஜியா ஆளுநர் லம்ப்கின் 1833 ஜனவரி 14 அன்று அவர்களை விடுவித்தார், உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி அல்ல, தன் கருணையால். இரண்டு பேர் வெளியே வந்தார்கள். செரோக்கீகளின் நிலம் பற்றித் தீர்ப்பு சொன்னது அப்படியே காகிதத்தில் நின்றுவிட்டது. அந்த மார்ச்சில் ஜாக்சனுக்கு இரண்டாம் முறை பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் மார்ஷல். அரசியலமைப்பைக் காப்பேன் என்ற அந்த வாசகத்தை அவர் ஜனாதிபதிகளுக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்பதாவது தடவை.

1835 ஜூலை 6 அன்று பிலடெல்பியாவில் மார்ஷல் இறந்தார். அவரைப் பார்க்க வந்துகொண்டிருந்த மூத்த மகன், சில நாட்களுக்கு முன்புதான் பால்டிமோரில் புயலில் இடிந்த புகைபோக்கி விழுந்து இறந்திருந்தார். சாவதற்கு இரண்டு நாள் முன் தன் கல்லறை வாசகத்தை மார்ஷல் தானே எழுதிவைத்தார். அப்பா, அம்மா பெயர், பிறந்த தேதி, பாலியைக் கல்யாணம் செய்த தேதி, இறந்த தேதி. தலைமை நீதிபதி என்ற சொல் அதில் இல்லை.

அந்த டிசம்பரில் செரோக்கீகளில் ஒரு சிறு குழுவிடம் கையெழுத்து வாங்கி, முழு நிலத்தையும் விட்டுக்கொடுத்ததாக ஒப்பந்தம் போட்டது அரசு. 1838-இல் படை வந்து மக்களை வீடுகளிலிருந்து கிளப்பி மேற்கே நடத்திச் சென்றது. ஏறக்குறைய 16,000 பேரில் 4,000 பேர்வரை வழியிலும் முகாம்களிலும் இறந்திருப்பார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வூஸ்டர் அவர்களுக்கு முன்பே மேற்கே போய், அங்கே அச்சகம் வைத்து, செரோக்கீ மொழியில் அச்சிட்டுக்கொண்டே 1859-இல் இறந்தார். 1992-இல் ஜார்ஜியா மாநிலத்தின் மன்னிப்பு வாரியம் கூடி, வூஸ்டருக்கும் பட்லருக்கும் முழு மன்னிப்பு வழங்கியது. அவர்கள் செய்தது குற்றமே இல்லை என்று மார்ஷல் தீர்ப்பெழுதி அப்போது 160 ஆண்டுகள் ஆகியிருந்தன.